பரணில் கிடக்கும் பழைய சிஎஃப்எல், டியூப் லைட்டை எங்கே கொடுப்பது?

தஞ்சை மருமகள்:
மாமியார் வீட்டுப் பரணை ஒழித்தபோது ஃபியூஸ் போன பல்புகள் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கிடைத்தன. குண்டு பல்பு, சுருள் சிஎஃப்எல், நாலடி டியூப் லைட் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒரு சிஎஃப்எல் பெட்டிக்குள்ளேயே உடைந்து வெள்ளைப் பொடி கொட்டியிருக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் சோக்கை மட்டும் கேட்கிறார். மற்றதை என்ன செய்வது? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

கீழவாசல்:
கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள் அக்கா. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

வயர்மேன்:
தயவுசெய்து புதைக்க வேண்டாம். சிஎஃப்எல், டியூப் லைட் இரண்டிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைந்தால் ஆவியாகக் கிளம்பும், மண்ணுக்குள்ளும் போகும்.

முதலில் உடைந்ததைப் பாருங்கள் அம்மா. குழந்தையை வேறு அறைக்கு அனுப்பி, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே இருங்கள். துடைப்பம், வேக்குவம் கிளீனர் இரண்டுமே கூடாது, பொடி பரவிவிடும். கையுறை போட்டு, கெட்டி அட்டையால் சில்லுகளை வாரி, மிச்சப் பொடியை செல்லோடேப்பால் ஒற்றி எடுங்கள். கடைசியில் ஈரக் காகிதத்தால் துடைத்து, டேப், காகிதம், அந்த அட்டைப்பெட்டி உட்பட எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

உடையாதவற்றைச் செய்தித்தாளில் சுற்றித் தனியாக வையுங்கள். 2016 திடக்கழிவு விதிகள் இவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் உள்ளாட்சி அமைக்க வேண்டும் என்று அதிலேயே இருந்தது. அந்த மையம் எங்கே என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். சாதாரணக் குப்பையோடு போட்டால் வெறுங்கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் மேல்தான் உடையும். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

குண்டு பல்பில் பாதரசம் கிடையாது. காகிதத்தில் சுற்றி உலர் குப்பையில் போடலாம்.

தஞ்சை மருமகள்:
ரொம்ப நன்றி அண்ணா. உடைந்ததைச் சொன்னபடியே வாரிக் கட்டிவிட்டேன். வார்டு அலுவலகத்தில் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்கிறார்கள். எல்இடி பல்பும் இரண்டு இருக்கிறது, அதையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

வயர்மேன்:
எல்இடியில் பாதரசம் இல்லை, ஆனால் உள்ளே சர்க்யூட் போர்டு உண்டு. அது மின்னணுக் கழிவு, தனிப் பையில் கொடுங்கள். டியூப் லைட்டை வண்டியில் குறுக்கே வைக்காதீர்கள், ஆட்டோவில் போய்விடுங்கள்.