கேட்கக் கூச்சப்படுபவர்களுக்கு இஃப்தார் உணவு: வழி சொல்லுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். நண்பர்கள் 4 பேர் சேர்ந்து இந்த ரமலானில் ஏழை நோன்பாளிகளுக்கு இஃப்தார் உணவு கொடுத்துவருகிறோம். நோன்பு திறக்க உணவளிப்பவருக்கும் நோன்பாளியின் கூலியை (இறைவன் தரும் நற்பலனை) போன்றதே உண்டு, அவருடைய கூலியில் எதுவும் குறையாது என்று திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ள நபிமொழிதான் எங்களை இதில் இறக்கியது. பணம் ஓரளவு சேர்ந்துவிட்டது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

பள்ளிவாசலுக்கு வந்து அமர்பவர்களுக்குக் கொடுப்பது எளிது. வராதவர்களை எப்படிக் கண்டறிவது? நேற்று பாங்கு சொன்னதும் ஒரு மூதாட்டி பாதிப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மீதி உணவை அப்படியே துணியில் சுற்றிக்கொண்டார். வீட்டில் கணவர் படுத்த படுக்கையாம். ஒன்று கூடுதலாகத் தரட்டுமா என்று நான் கேட்கும் வரை அவர் வாய் திறக்கவே இல்லை. இரவெல்லாம் எனக்கு அதே நினைப்பு. இத்தகைய வீடுகளுக்கு அவர்கள் மனம் நோகாமல் உணவு சேர்த்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

இன்னொன்று: சிலர் ஜகாத் (வசதியுள்ளவர்களுக்குக் கடமையான தர்மம்) பணத்தையும் தருகிறார்கள். அது குர்ஆன் 9:60 கூறும் 8 வகையினருக்கே உரியது. பொது இஃப்தாரிலோ வசதியுள்ளவரும் அமர்வார். அதனால் சமையலுக்கு ஸதகாவை (விரும்பித் தரும் தர்மத்தை) மட்டும் எடுக்கிறோம். நோன்பு வைக்க இயலாதவர்கள் அதற்கு ஈடாகத் தரும் ஃபித்யாவுக்கும் தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். இது சரிதானா? ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) கேட்டுத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெறுபவர்களைப் படம் எடுப்பதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறோம். படம் இல்லாமல் நன்கொடையாளர்களுக்கு எப்படிக் கணக்குக் காட்டுகிறீர்கள்?