சென்னையில் நல்ல காலைச் சிற்றுண்டிக் கடையைக் கண்டறிவது எப்படி: நட்சத்திர மதிப்பீடா, முதல் ஈடா?

தரமணி_புதியவன்:
திருநெல்வேலியிலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. தரமணியில் நான் தங்கியிருக்கும் அறையில் சமைக்க வசதி இல்லை என்பதால் காலை உணவு முழுவதும் கடையில்தான். கைப்பேசி வரைபடத்தில் நான்கு நட்சத்திரத்துக்கு மேல் வாங்கிய கடைகளாகப் பார்த்து இதுவரை பதினொரு இடங்களில் சாப்பிட்டுவிட்டேன். மறுபடி போகலாம் என்று தோன்றியவை இரண்டே இரண்டு. சென்ற ஞாயிறன்று நாலரை நட்சத்திரக் கடை ஒன்றில் பத்து மணிக்குப் பொங்கல் வாங்கினேன். கரண்டியால் வெட்டி எடுக்கும் அளவுக்கு இறுகியிருந்தது. தேங்காய்ச் சட்னியில் புளிப்பு ஏறத் தொடங்கியிருந்தது. இவ்வளவு பெரிய ஊரில் நல்ல காலைச் சிற்றுண்டிக் கடையை நீங்கள் எப்படிக் கண்டறிகிறீர்கள்?

மயிலை_மாடவீதி:
கடையின் பெயரோடு நேரத்தையும் சேர்த்துத் தேடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. காலைப் பலகாரங்களில் பெரும்பாலானவை அடுப்பிலிருந்து இறங்கிய அரை மணி நேரத்துக்குள் நன்றாக இருந்து, பிறகு வேகமாகக் குணம் மாறுபவை. ஏழு மணிக்கு இலையில் தளர்ந்து பரவும் பொங்கல், பத்து மணிக்கு அதே அண்டாவின் அடியில் கட்டியாகிக் கிடக்கும். நட்சத்திரங்கள் இதை ஒருபோதும் சொல்லமாட்டா; இரவு பரோட்டா சாப்பிட்டவர் இட்ட நட்சத்திரமும், வண்டி நிறுத்த இடம் கிடைத்த மகிழ்ச்சியில் ஒருவர் இட்ட நட்சத்திரமும் காலை இட்லிக்கு இட்டதோடு ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

கச்சேரி சாலையை ஒட்டிய அருண்டேல் தெருவில் இருக்கும் ராயர் மெஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னஞ்சிறு இடம். இட்லி, வடை, பொங்கல், கெட்டிச் சட்னி, காபி என்று பட்டியல் ஒரே மூச்சில் முடிந்துவிடும். தீர்ந்தால் தீர்ந்ததுதான், அதனால் பழையதை உங்கள் இலையில் வைப்பதற்கு வழியே இல்லை. திருவல்லிக்கேணி ரத்னா கபே 1948 முதல் இயங்குகிறது. இட்லி மூழ்கும்படி சாம்பாரை ஊற்றுவதுதான் அங்கே சிறப்பு. இந்தக் கடை இந்தப் பண்டத்துக்கு, இந்த நேரத்துக்கு என்று ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் கணக்கைக் கேட்டறிந்து போக வேண்டும். தரமணியில் பறக்கும் ரயில் ஏறினால் திருமயிலையும் திருவல்லிக்கேணியும் ஒரே தடத்தில் வருகின்றன. ஒரு சனிக்கிழமை விடியலில் கிளம்பிப் பாருங்கள்.

வேளச்சேரி_மகள்:
மயிலை ஐயா சொல்வது தனியாக, உடல்நலத்தோடு, விடியலில் எழுந்து போகக்கூடியவருக்குச் சரி. என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிட வேண்டும் என்பது வாரம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் அவருடைய ஒரே ஆசை. பெயர்பெற்ற பழைய கடை ஒன்றுக்கு அவரை அழைத்துப்போய், உட்கார நாற்காலியில்லாமல் வெயிலில் நாற்பது நிமிடம் நின்று, எங்கள் முறை வரும்போது இட்லி முடிந்துவிட்டது என்ற பதிலோடு திரும்பியிருக்கிறேன். இட்லி எவ்வளவு உயர்வாக இருந்தாலும், என் அம்மா உட்கார முடியாத கடை எங்களுக்கு நல்ல கடை ஆகாது.

ஆகவே நான் மதிப்பீடுகளை விடாமல் படிக்கிறேன். மொத்த எண்ணை நான் பார்ப்பதில்லை. படங்களைப் பெரிதாக்கி வாசலில் எத்தனை படிகள் என்று எண்ணுகிறேன். ஒற்றை நட்சத்திரம் இட்டவர்கள் கழிப்பறையைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று தேடுகிறேன். 1981இல் கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவனும், மதுரையிலிருந்து இங்கே வந்த முருகன் இட்லி கடையும் இத்தனை கிளைகளாக வளர்ந்ததற்கு விளம்பரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. பத்து மணிக்குப் போனாலும் சூடான இட்லியும் உட்கார இடமும் கிடைக்கும் என்ற உறுதியை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நாடுகின்றன. அதைக் குறைவாகப் பேசுவது நியாயமில்லை.

சரக்கு_மாஸ்டர்:
இருபத்திரண்டு ஆண்டுகள் ஹோட்டல் அடுப்படியில் நின்றவன் என்ற முறையில் இரு தரப்புக்கும் ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன்.

மயிலை ஐயா சொன்ன ஏழு மணிக் கணக்கு பொங்கலுக்குச் சரி, இட்லிக்குப் பாதிதான் சரி. இட்லியை ஈடு ஈடாக எடுக்கிறோம்; ஒரு தடவை வேகவைத்து இறக்குவது ஒரு ஈடு. கூட்டம் ஓடும் கடையில் பத்து மணிக்கும் புதிய ஈடு இறங்கிக்கொண்டேயிருக்கும். கூட்டமில்லாத கடையில் ஏழு மணிக்கு எடுத்த ஈடு எட்டரை மணிக்கும் பாத்திரத்தில் வியர்த்துக்கொண்டு கிடக்கும். தோசைக்கோ உங்கள் கணக்கு தலைகீழ். கடை திறந்தவுடன் கல் பழகியிருக்காது. முதல் நான்கைந்து தோசைகள் சில இடங்களில் ஒட்டிக்கொண்டும் சில இடங்களில் வெளுத்தும்தான் வரும். தோசைக்காரர் எட்டரைக்குப் போவது நல்லது.

கடைக்குள் நுழைந்ததும் பார்க்க வேண்டியது சட்னி வாளி. தேங்காய்ச் சட்னி சென்னை வெயிலில் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பதால், நல்ல கடையில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, வாளியைக் கழுவி மறுபடி நிரப்புவார்கள். பழைய சட்னியின் மேலேயே புதியதை ஊற்றினால், அந்தக் கடையில் மற்றவையும் அப்படித்தான் நடக்கும். மாவும் ஊர் வெயிலைப் பொறுத்தது. மே மாதத்தில் இரவு ஆட்டிய மாவு விடிவதற்கு முன்பே பொங்கிப் புளித்துவிடும். மார்கழியில் அதே மாவு எழும்பவே அடம்பிடிக்கும். இதை அறிந்து ஆட்டும் நேரத்தை மாற்றுகிற மாஸ்டர் இருக்கும் கடைதான் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இட்லி தரும். பொங்கலில் நெய்தானா என்று அறிய அது ஆறும்வரை பொறுத்திருங்கள். வனஸ்பதியாக இருந்தால் கடைசி இரண்டு வாய் மேலண்ணத்தில் மெழுகுபோல் படியும். நெய் அப்படிப் படியாது.

மயிலை_மாடவீதி:
மாஸ்டர் ஐயாவின் திருத்தத்தை ஏற்கிறேன். தோசைக்கல் பற்றி அவர் சொன்னதை இத்தனை ஆண்டுகளாக நான் கவனித்ததே இல்லை. வேளச்சேரி அம்மாவின் தாயார் நாற்பது நிமிடம் நின்றதைப் படித்து வருந்தினேன். முதியவர்களுக்கு நாலு நாற்காலி போட எந்தக் கடைக்கும் பெரிய செலவு இல்லை.

ஆனாலும் அவர் வாதத்தின் மையத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உறுதிக்காக நாம் ஒரு விலை கொடுக்கிறோம். எந்த நேரத்திலும் எல்லாம் கிடைக்க வேண்டுமென்றால் பட்டியல் நீள்கிறது. சில நிறுவனங்களில் மாவும் சட்னி விழுதும் எங்கோ ஒரு மையச் சமையலறையில் தயாராகி வண்டியில் வருகின்றன. எல்லாக் கிளைகளிலும் ஒரே சாம்பார். அந்தச் சாம்பார் மோசமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் அதையே நல்லது என்று நாலரை நட்சத்திரம் இட்டுக்கொண்டிருந்தால், வெங்காயம் தனியாக வதக்கிக் கொத்தமல்லியைக் கடைசியில் கிள்ளிப்போடும் சாம்பார் எப்படி இருக்கும் என்பதே அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போய்விடும் என்று அஞ்சுகிறேன்.

சைதை_வாசி:
இவ்வளவு நேரமும் இருவரும் பேசியது மயிலாப்பூரையும் குளிரூட்டிய கிளைகளையும் பற்றித்தான். சென்னையில் காலை உணவு அந்த இரண்டுக்குள் அடங்கிவிடாது. எங்கள் சைதாப்பேட்டையில் இட்லிக்கும் செட் தோசைக்கும் துணை வடகறி. கடலைப்பருப்பைக் கொரகொரப்பாக அரைத்து, வேகவைத்தோ பொரித்தோ உதிர்த்து, பட்டை சோம்பு வாசத்தோடு குழம்பாக்கியது. மாரி ஓட்டலின் வடகறிக்காக நகரத்தின் மறுகோடியிலிருந்தும் வருகிறார்கள். திருவல்லிக்கேணி, இராயப்பேட்டைப் பக்கம் முஸ்லிம் உணவகங்களில் காலையிலேயே ஆட்டுக்கால் பாயாவில் ஆப்பத்தை ஊறவைத்துச் சாப்பிடுகிறார்கள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நல்ல காலை உணவு என்று எப்படி முடிவு கட்டுவது?

என் வழி எளிது. எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி போடும் அக்கா ஐந்தரை மணிக்கு அடுப்பு மூட்டுகிறார். ஆட்டோ ஓட்டுநர்களும் துப்புரவுப் பணியாளர்களும் தினமும் அதே வண்டியில் நின்று சாப்பிடுகிறார்கள். நாள்தோறும் சாப்பிட்டு வேலைக்குப் போக வேண்டியவர் வயிற்றைக் கெடுக்கும் கடைக்கு மறுநாள் போகமாட்டார் அல்லவா? அந்தக் கையேந்தி பவனுக்கு எந்த வரைபடத்திலும் புள்ளி இல்லை, நட்சத்திரமும் இல்லை. 2013இல் மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் பொங்கலும் எத்தனை பேருக்குக் காலைப் பசியை ஆற்றின என்பதை அந்த வரிசையில் நின்றவன் அறிவான். கையில் பத்து ரூபாய் இருப்பவருக்கு நல்ல கடை எது என்ற கேள்விக்கும் இங்கே பதில் வேண்டும்.

வேளச்சேரி_மகள்:
சைதை நண்பர் சொன்னதில் ஓரிடத்தில் நான் உடன்படவில்லை. தினமும் வருபவர்களின் நம்பிக்கை அந்தக் கடையின் தண்ணீருக்குச் சான்று ஆகாது. பழகிய வயிறு தாங்குவதை என் அம்மாவின் வயிறு தாங்காது. வண்டிக் கடையில் நான் முதலில் பார்ப்பது தட்டு கழுவும் வாளியைத்தான். தட்டின் மேல் வாழை இலைத் துண்டு போட்டுக் கொடுத்தால் தயங்காமல் சாப்பிடுவேன்.

மாஸ்டர் ஐயாவின் பேச்சைக் கேட்ட பிறகு நான் எழுதும் மதிப்பீடுகளில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்தப் பண்டம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். மதிப்பீட்டையே வேண்டாம் என்று தள்ளுவதைவிட அதைப் பயனுள்ளதாக எழுதுவதுதான் வழி என்று மயிலை ஐயாவிடம் இன்னும் வாதிடத் தயாராக இருக்கிறேன்.

தரமணி_புதியவன்:
அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை ஆறரை மணிக்குப் பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கி நடந்தேன். கெட்டிச் சட்னி என்றால் என்னவென்று இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறேன். இலையைச் சாய்த்தாலும் அது ஓடவில்லை. ஞாயிறன்று எட்டே முக்காலுக்குச் சைதாப்பேட்டையில் வடகறி சாப்பிட்டேன். தோசை உண்மையிலேயே எல்லா இடமும் ஒரே நிறமாகச் சிவந்திருந்தது.

என் தாயார் அடுத்த மாதம் ஊரிலிருந்து வருகிறார். அவருக்கும் மூட்டுவலி உண்டு. வேளச்சேரியிலிருந்து எழுதும் அக்கா, படியில்லாத கடைகளை நீங்கள் குறித்து வைத்திருந்தால் தர முடியுமா?

வேளச்சேரி_மகள்:
தருகிறேன் தம்பி. நான்கு கடைகள் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் வாசலில் ஒரு படி உண்டு, கைப்பிடி இருக்கிறது. ஞாயிறு என்றால் எட்டரைக்குள் போய்விடுங்கள், சுவரோரத்து மேசை கிடைக்கும். அங்கே இட்லியும் காபியும் நம்பிக்கையாகச் சொல்வேன். பொங்கலை ஆறவிட்டு நான் இன்னும் பார்க்கவில்லை.