ஒடுகத்தூர் சாலையில் இரவில் குறுக்கிடும் காட்டுப்பன்றிகள்: பிரேக் பிடிப்பதா, ஒதுங்குவதா?

ஒடுகத்தூர்வாசி கேட்கிறார்:

வேலூரில் இரண்டாம் ஷிப்ட் முடித்து, இரவு பத்தரை மணிக்கு மேல் அணைக்கட்டு வழியாக ஒடுகத்தூருக்கு வண்டியில் திரும்புவது ஆறு ஆண்டுகளாக என் வழக்கம். வண்டி 2014இல் வாங்கிய 100 சிசி, இரண்டு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இத்தனை காலத்தில் முயலும் நரியும் தவிர வேறெதையும் நெருக்கத்தில் பார்த்ததில்லை.

சென்ற வியாழக்கிழமை இரவு, ஊருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது, இடப்பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து ஒரு பெரிய காட்டுப்பன்றி ஏறி வந்து, என் வெளிச்சத்தைச் சற்றும் பொருட்படுத்தாமல் சாலையைக் கடந்தது. அப்போது எனக்கும் அதற்கும் நடுவே நூறடி இருந்திருக்கும். வேகத்தைக் குறைத்தேன், அதுதான் போய்விட்டதே என்று பிரேக்கை விட்டு மறுபடியும் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். அடுத்த நொடியே அதன் பின்னால் குட்டிகள், முதுகில் கோடு போட்ட ஐந்தோ ஆறோ, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரிசையாக வந்தன. பதற்றத்தில் பின் பிரேக்கை முழுதாக மிதித்ததில் சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டியின் பின்பகுதி வலப்பக்கமாக இழுத்துச் சென்றது. கடைசிக் குட்டி என் முன்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் கிறீச்சென்று கத்தியபடி ஓடியது.

நான் விழவில்லை, காலை ஊன்றி நின்றுவிட்டேன். பையிலிருந்த டிபன் பாக்ஸ் மட்டும் தெறித்து, தார்ச்சாலையில் உருண்டு கொல்லைப் பக்கமாகப் போகும் சத்தம் கேட்டது. தாய்ப்பன்றி எந்த இருட்டில் நிற்கிறதோ என்ற பயத்தில் அதை எடுக்க இறங்கவில்லை.

உடன் வேலை செய்பவர்களைக் கேட்டால், வளைத்து ஒதுங்கிப் போய்விட வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். ஹாரனை விடாமல் அடிக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார். ஹை பீம் போட்டால் தூரத்திலேயே கண்கள் மின்னும் என்பது மூன்றாமவர் யோசனை. ஆனால் அன்றைக்கு ஒரு பன்றியின் கண்கூட எனக்கு மின்னவில்லை. இதே பகுதியில் வண்டி ஓட்டும் அனுபவஸ்தர்கள் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

சத்துவாச்சாரி மெக்கானிக் பதில்:

தம்பி, கண்களைப் பற்றி நீங்கள் கவனித்தது சரிதான். மான், நரி, நாய், பூனை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால்தான் அவற்றின் கண்கள் ஹெட்லைட்டில் பளிச்சென்று தெரிகின்றன. பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. உடலும் கறுப்பு, தாரும் கறுப்பு என்பதால், கண் மின்னும் என்று நம்பி ஓட்டுபவருக்குப் பன்றி கடைசி நொடி வரை தெரியவே தெரியாது.

அடுத்தது கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் போகிறது. கண் பார்த்து, கை பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு நொடி ஆகிவிடும். அதன் பிறகு, காய்ந்த சாலையில் நல்ல டயர், நல்ல பிரேக்குடன் நிற்பதற்கு இன்னும் 20 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக மொத்தம் 40 மீட்டர். உங்கள் வண்டியின் டிம் வெளிச்சமோ முப்பது, நாற்பது மீட்டருக்கு மேல் உருப்படியாக எதையும் காட்டாது. அதாவது, பார்த்த இடத்தில் நின்றிருக்க வேண்டும் என்றால் 60இல் வந்திருக்கவே கூடாது. அதே 40 கிலோமீட்டர் வேகம் என்றால் மொத்தமும் 20 மீட்டரில் முடிந்துவிடும். வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் நிற்கும் தூரம் பாதியாகிவிடுகிறது என்பதைக் கடைக்கு வரும் பையன்கள் நம்ப மறுக்கிறார்கள்.

ஒதுங்குவதைப் பற்றிச் சொல்வதானால், அது விலங்கு நின்ற இடத்திலேயே நிற்கும் என்ற நம்பிக்கையில் செய்வது, அது நிற்காது. டயருக்குச் சாலையில் உள்ள பிடிமானம் ஒரு அளவுதான். அதைப் பிரேக்குக்கும் செலவழித்து வளைவதற்கும் செலவழித்தால் இரண்டுக்கும் போதாமல் வழுக்கும். அந்தச் சாலையில் தார் விளிம்புக்குக் கீழே அரை அடி பள்ளமும் சரளையும், அதைத் தாண்டினால் புளியமரமும் இருக்கின்றன. கைப்பிடியை நேராக வைத்துக்கொண்டு, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்து, முதலில் மெதுவாகவும் பிறகு அழுத்தியும் பிடிப்பதுதான் சரி. வெறும் பின் பிரேக்கை மிதித்ததுதான் உங்களை இழுத்துப்போயிருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், 125 சிசி வரையிலானவற்றில் குறைந்தது இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ்ஸும் கட்டாயமாக்கப்பட்டன. உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்பதால் அந்த வேலையை உங்கள் கையும் காலும்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்று. ஒரு பன்றி கடந்தால் வண்டியை நகர்த்தாமல் இருபது வரை எண்ணுங்கள். மானுக்கும் இதே கணக்குதான்.

பேரணாம்பட்டு மாந்தோப்புக்காரர் பதில்:

மெக்கானிக் ஐயா சொன்ன அனைத்தும் பன்றிக்குப் பொருந்தும். ஹாரன் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பிரச்சினை யானை.

ஆந்திர எல்லைக்கு அப்பால், சித்தூர் மாவட்டத்தில் உள்ள கௌண்டின்யா சரணாலயக் காடு எங்கள் காட்டோடு ஒட்டியது. 1980களில் தமிழ்நாட்டு, கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் அங்கே போய்த் தங்கின. 1990இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து மாந்தோப்பு, வாழை, கரும்பு, நெல் என்று அவை இறங்கி வருவது எங்களுக்குப் புதிதல்ல.

போன மே மாதம் இரவு ஒன்பது மணியளவில், ஆந்திரப் பக்கத்து வி.கோட்டாவிலிருந்து மலைப்பாதை வழியாக இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவு தாண்டியதும் சாலையில் ஏதோ மண்மேடு சரிந்து கிடப்பதுபோல் தெரிந்தது. வேகத்தைக் குறைத்த பிறகுதான் அந்த மேட்டுக்குக் காது அசைவதைப் பார்த்தேன். புழுதி பூசிய உடலில் வெளிச்சம் எதுவும் திரும்பி வரவில்லை. அதற்கு இருபதடி முன்பே சாலையில் யானைச் சாணம் கிடந்ததையும், மூங்கில் முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டதையும் அப்போதுதான் மனம் கோர்த்துப் பார்த்தது. ஹாரனைத் தொடவில்லை. எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்து, பதற்றத்தில் மறுபடி கிக்கரை உதைத்துக்கொண்டு நிற்கும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது. ஹெட்லைட்டை டிம்மில் வைத்து, காலாலேயே வண்டியைத் தள்ளித் திருப்பி, வந்த வழியே மேலே ஏறிப்போய் நாற்பது நிமிடம் காத்திருந்து, ஒரு சரக்கு லாரி வந்ததும் அதன் பின்னால் இறங்கினேன். பெட்டியில் காய் கொண்டுவந்த இரண்டு பையன்கள் அதே இடத்தில் செல்போனில் படமெடுக்க முயன்று, வண்டியைப் போட்டுவிட்டு ஓடிய கதையை மறுநாள் டீக்கடையில் கேட்டேன்.

ஆகவே, பன்றியும் மானும் தூரத்தில் தெரிந்தால் இரண்டு முறை சுருக்கமாக ஹாரன் அடிப்பதில் தவறில்லை. யானை, குட்டியோடு இருக்கும் கரடி ஆகிய இரண்டுக்கும் சத்தமே கூடாது. கரடிக்குக் கண்ணும் காதும் அவ்வளவு கூர்மையில்லை. கிட்டத்தில் திடீரென்று ஆளைப் பார்த்தால் பயந்துபோய் மேலே பாய்ந்துவிடும்.

அமிர்தி சாலை ஆசிரியை பதில்:

எல்லோரும் இரவைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நான் கணியம்பாடியிலிருந்து அமிர்தி பக்கமுள்ள பள்ளிக்கு ஸ்கூட்டரில் போகிறவள். எனக்கு ஆபத்து காலை எட்டு மணி வெயிலில் வந்தது. வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆண் மயில் ஒன்று, ஸ்கூட்டர் நெருங்கும்வரை அசையாமல் இருந்துவிட்டு, கடைசியில் எதிர்ப்பக்கம் பறக்கக் கிளம்பியது. நான்கைந்து கிலோ எடையுள்ள பறவை அது. சரியாக நம் தலை உயரத்தில்தான் சாலையைக் கடந்தது. தோகை என் ஹெல்மெட் கண்ணாடியில் ஈரத் துடைப்பத்தால் அறைந்ததுபோல் அடித்துச் சென்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். மயில் ஒன்று தெரிந்தால் வேலிக்குள் இன்னும் நான்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டு, இப்போது நடை வேகத்துக்கு இறங்கிவிடுகிறேன்.

அடிபட்ட மயிலையோ மானையோ யாரும் வீட்டுக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனச்சரக அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்வதே முறை.

தம்பி, ஒரு கேள்வி: உங்கள் இன்சூரன்ஸ் வெறும் தேர்ட் பார்ட்டியா? பன்றியில் மோதி வண்டி நொறுங்கினால் தேர்ட் பார்ட்டியில் உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாய்கூட வராது. சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்துப் பாலிசி இருந்தால்தான் கேட்க முடியும். என் தம்பி அதைத் தெரிந்துகொண்டது ஃபோர்க் வளைந்த பிறகுதான்.

ஒடுகத்தூர்வாசி மீண்டும்:

அனைவருக்கும் நன்றி. அம்மா, தேர்ட் பார்ட்டிதான். அடுத்த மாதம் புதுப்பிக்கும்போது மாற்றிவிடுகிறேன். மெக்கானிக் ஐயா சொன்னபடி நேற்றுப் பகலில் ஏரிக்கரை மேல் ஆளில்லாத இடத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பழகிப் பார்த்தேன். பத்தாவது முறைக்குப் பிறகு சக்கரம் பூட்டவில்லை. முன் டயரில் பட்டன் தேய்ந்து வழவழப்பாக இருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். அணைக்கட்டு தாண்டியதும் 40க்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்ததில் வீடு சேர எட்டு நிமிடம் கூடுதலாகிறது.

டிபன் பாக்ஸ் மறுநாள் காலையில் கடலைக் கொல்லைக்காரர் கையில் கிடைத்தது. மூடி நசுங்கியிருந்தது. உள்ளே மிச்சமிருந்த கேழ்வரகுக் களியைப் பன்றியோ நாயோ கழுவி வைத்ததுபோல் நக்கி முடித்திருந்தது. அவருடைய கொல்லையில் பன்றி கிளறிய இரண்டு பாத்தியைக் காட்டிவிட்டு, உனக்குப் போனது களிதானே என்று சொல்லித்தான் கொடுத்தார்.