வெட்டப்பட்ட ஒரு பக்கமும் லூயிஸ் கரோலும்: மறுமதிப்பீடு எதை மாற்றியிருக்கிறது?

ஏட்டுச்சுருள் எழுதியது:

லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் ஆலிஸ் கதைகளை எழுதிய சார்ல்ஸ் டாட்ஜ்சனைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த சித்திரம் ஏறக்குறைய ஒன்றுதான்: ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணிதம் கற்பித்த, திக்கித் திக்கிப் பேசிய, பெரியவர்களைக் கண்டால் ஒதுங்கிச் சிறுமிகளிடம் மட்டும் மனம் திறந்த, கல்லூரித் தலைவர் லிடெலின் மகள் ஆலிஸிடம் மனத்தைப் பறிகொடுத்த ஒரு பிரம்மச்சாரி. கரோலின் லீச் என்ற ஆய்வாளர் 1999-இல் இதைக் ‘கரோல் தொன்மம்’ என்று பெயரிட்டுக் கேள்விக்கு உள்ளாக்கினார். டாட்ஜ்சனுக்கு வயதுவந்த பெண்கள் பலருடன் நெருங்கிய நட்பு இருந்தது. அவர் நாடகங்களுக்குப் போனார், விருந்துகளில் கலந்துகொண்டார், ஊர் என்ன பேசும் என்று பெரிதாகக் கவலைப்படாமல் பெண் விருந்தினர்களைத் தம் விடுமுறை இல்லத்தில் தங்கவைத்தார். அவர் இறந்த 1898-ஆம் ஆண்டிலேயே வாழ்க்கை வரலாற்றை எழுதிய, அவருடைய தங்கை மகன் காலிங்வுட், குழந்தைத் தோழிகளுக்கு மட்டும் இரண்டு அத்தியாயங்களை ஒதுக்கிவிட்டு மற்றவர்களை ஓரங்கட்டினார். மதகுருப் பட்டத்தின் முதற்படியை ஏற்ற ஒருவர் குழந்தைகளோடு பழகுவது அன்று மாசற்றதாகத் தோன்றியது. பெண்களோடு பழகுவதுதான் அவதூறுக்கு இடம் தந்தது. 1930-களில் உளப்பகுப்பாய்வு வந்தபோது, பெயரைக் காக்க இழுத்துவிட்ட திரையே குற்றச்சாட்டாக மாறிவிட்டது.

என்னைப் பொறுத்தவரை இந்த மறுமதிப்பீடு வென்றுவிட்டது. மாற்றுக் கருத்துள்ளவர்கள் வந்து பேசலாம்.

கல்மண்டபம் எழுதியது:

வென்றுவிட்டது என்பது அவசரச் சொல், நண்பரே. லீச் இரண்டு வேலைகளைச் செய்தார். பழைய கதையின் அடித்தளம் பலவீனமானது என்று காட்டியது முதல் வேலை. அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆலிஸ் இருந்த இடத்தில் அவளுடைய தாயாரைக் கொண்டுவந்து நிறுத்தியது இரண்டாவது வேலை. அதற்கு என்ன சான்று இருக்கிறது? ஒரு யூகத்தைக் கலைத்துவிட்டு அங்கே இன்னொரு யூகத்தைக் குடியேற்றுவதை ஆய்வு என்று நான் கொள்ளமாட்டேன்.

மேலும், நீங்கள் தொடாமல் விட்டவை இரண்டு உண்டு. ஆலிஸின் மூத்த சகோதரி லொரினா, 1930-இல் ஒரு வாழ்க்கை வரலாற்றாசிரியரிடம் பேசியபின் ஆலிஸுக்குக் கடிதம் எழுதினார். ஆலிஸ் வளர வளர டாட்ஜ்சனின் அன்பு மிகையாகிவிட்டது என்றும், அம்மா அதைப் பற்றி அவரிடம் பேசினார் என்றும், அதில் மனம் புண்பட்டு அவர் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்றும் தாம் சொல்லிவைத்ததாக அதில் இருக்கிறது. அடுத்தது 1879-இல் மேஹ்யூ குடும்பத்துக்கு அவர் எழுதிய கடிதங்கள். அந்த வீட்டுச் சிறுமிகளை ஆடையின்றிப் படமெடுக்க அனுமதி கேட்டு, பெற்றோர் தயங்கிய பிறகும் விடாமல் வாதாடிய கடிதங்கள் அவை. அந்த நட்பே அதனால் முறிந்தது. இவற்றைத் தொன்மம் என்று தள்ளிவிட முடியாது.

பதிவறை எழுதியது:

நான் ஓய்வுபெற்ற பதிவறைக் காப்பாளர். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை; காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டாட்ஜ்சன் எழுதிய நாட்குறிப்புகள் 13 தொகுதிகள். அவற்றில் நான்கைக் காணவில்லை. எஞ்சிய ஒன்பதை 1969-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கியது; இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. எஞ்சியவற்றிலும் சில பக்கங்கள் வெட்டப்பட்டுள்ளன. என் பணிக்காலத்தில் நான் பார்த்தவரை, காணாமற்போன முழுக் கோப்பு பெரும்பாலும் கரையானுக்கோ வீடு மாற்றும்போது நேரும் அலட்சியத்துக்கோ பலியானதாக இருக்கும். ஒழுங்காக இருக்கும் கட்டிலிருந்து ஒரே ஒரு தாள் மட்டும் அளவாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தால், அங்கே ஒரு மனிதரின் கை வேலை செய்திருக்கிறது. ஆகவே தொலைந்த தொகுதிகளையும் வெட்டிய பக்கங்களையும் ஒரே சதியாகப் பேசுவதை இரு தரப்பினரும் நிறுத்தினால் நல்லது.

வெட்டப்பட்டவற்றுள் பெயர்பெற்றது 1863 ஜூன் 27 முதல் 29 வரையிலான பக்கம். அதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 25 அன்று, ஒரு பெரிய கூட்டமாக நியூனம் என்ற இடத்துக்குப் படகில் உலாப் போய்விட்டு, லிடெல் வீட்டுச் சிறுமியர் மூவரும் டாட்ஜ்சனும் மட்டும் ரயிலில் திரும்பியிருக்கிறார்கள். அதன்பின் அவர் அந்த வீட்டுக்குப் போவது பல மாதங்கள் நின்றுவிட்டது. ஆலிஸைத் திருமணம் செய்துகொள்ளக் கேட்டிருப்பார், அதனால்தான் வீட்டார் விலக்கினார்கள் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் மார்ட்டன் கோஹன் போன்றவர்கள் கருதினார்கள். அப்போது ஆலிஸுக்குப் பதினோரு வயது.

1996-இல் குடும்பத்தாரின் ஆவணங்களுக்கிடையே லீச் ஒரு துண்டுச்சீட்டைக் கண்டெடுத்தார். ‘நாட்குறிப்பில் வெட்டப்பட்ட பக்கங்கள்’ என்று தலைப்பிட்டு, வெட்டிய பக்கத்தில் என்ன இருந்தது என்று ஓரிரு வரியில் குறித்துவைத்த சீட்டு அது. கையெழுத்து டாட்ஜ்சனின் தம்பி மகள் வயலட்டுடையது என்று கருதப்படுகிறது. குழந்தைகளைச் சாக்காக வைத்து அவர்களின் ஆசிரியையை டாட்ஜ்சன் நாடுவதாக ஊரில் எண்ணுகிறார்கள் என்று திருமதி லிடெல் அவரிடம் தெரிவித்தார். ‘ஐனா’வை அவர் நாடுவதாகவும் சிலர் எண்ணுகிறார்கள். அந்தப் பக்கத்தைப் பற்றிச் சீட்டு சொல்வது அவ்வளவே. ஆலிஸின் பெயர் அதில் இல்லை.

இப்போது சீட்டின் தரத்தைப் பாருங்கள். ஊர் பேசியதைத் திருமதி லிடெல் சொன்னார், அவர் சொன்னதை டாட்ஜ்சன் எழுதினார், அவர் எழுதியதைப் பிற்காலத்தில் ஒருவர் சுருக்கினார். மூன்று கை மாறிய செய்தி. போதாக்குறைக்கு, லொரினா என்ற பெயர் தாய்க்கும் மூத்த மகளுக்கும் பொது. ஐனா என்பது வீட்டில் மகளை அழைத்த பெயர், அவளுக்கு அப்போது பதினான்கு வயது. தாயைக் குறிக்கிறது என்று படிப்பவர்கள் வலிந்து படிக்கிறார்கள் என்பதே என் கருத்து.

ஏட்டுச்சுருள் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. அந்தச் சீட்டு டாட்ஜ்சன் குற்றமற்றவர் என்று காட்டுவதாக நான் சொல்லவரவில்லை. அரை நூற்றாண்டாக ‘வெட்டப்பட்ட பக்கத்தில் ஆலிஸ் இருந்தாள்’ என்று சொல்லிவந்த அறிஞர்களிடம் அதற்கு ஒரு காகிதம்கூட இல்லை. முதன்முதலாகக் கிடைத்த காகிதத்தில் அவள் இல்லை. இதுவே எனக்குப் போதும்.

லொரினாவின் கடிதத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது, கல்மண்டபம். பேச்சு அடிபட்டது தம் பெயரோடு என்றால், எண்பது வயதான ஒரு மூதாட்டி, கேள்வி கேட்க வந்தவரிடம் தங்கையின் பெயரைச் சொல்லிச் சமாளித்திருக்க வாய்ப்பில்லையா? ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டியிருந்தது என்ற தொனியில்தானே அந்தக் கடிதமும் இருக்கிறது?

நேர்கோடு எழுதியது:

கணித ஆசிரியன் என்ற முறையில் என் மனக்குறையைச் சொல்கிறேன். வாழ்க்கை மறுமதிப்பீடு என்ற பெயரில் எல்லோரும் படுக்கையறைச் சாவித் துவாரத்திலேயே கண் வைத்திருக்கிறீர்கள். எழுத்து மறுமதிப்பீடு செய்யப்பட்டதே, அதை யார் பேசுவது? சதுர அடுக்கில் வைத்த எண்களிலிருந்து ஒரே மதிப்பைக் கணக்கிடும் அணிக்கோவைகளைப் படிப்படியாகச் சுருக்கி மதிப்புக் காணும் முறையை அவர் 1866-இல் வெளியிட்டார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1884-இல் தேர்தல் பிரதிநிதித்துவம் பற்றி எழுதினார். 1895-இல் ஆமைக்கும் அகிலீஸுக்கும் நடக்கும் சிறிய உரையாடலாக அவர் எழுதிய தருக்கப் புதிருக்குத் தத்துவத் துறையினர் இன்னமும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தருக்க நூலின் இரண்டாம் பாகம் தொலைந்துவிட்டது என்றே பலரும் நினைத்திருக்க, அச்சுப்படிகளைத் தேடிப் பிடித்து பார்ட்லி 1977-இல் பதிப்பித்தபோதுதான், குழந்தைக் கதைக்காரர் பொழுதுபோக்காகத் தருக்கம் எழுதினார் என்ற பேச்சு அடங்கத் தொடங்கியது.

ஆனால் எங்கள் பக்கமும் மிகைகள் உண்டு. ஆலிஸ் கதையில் வரும் பைத்தியக்காரத் தேநீர் விருந்து, அன்று புதிதாக வந்த இயற்கணிதத்தைக் கேலி செய்வது என்று 2009-இல் மெலனி பெய்லி என்ற ஆய்வாளர் எழுதினார். படிக்கச் சுவையாக இருக்கிறது. நம்பத்தான் கை வரவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: ஆலிஸுக்கு 1864-இல் கையால் எழுதிப் பரிசளித்த படியில் தேநீர் விருந்தும் இல்லை, செஷயர் பூனையும் இல்லை, அச்சுக்குப் போகும்போது சேர்த்தவை. கதை முழுவதையும் ஒரு சிறுமிக்கான காதல் கடிதமாகப் படிப்பவர்கள், எந்த அத்தியாயம் யாருக்காக எழுதப்பட்டது என்பதையாவது முதலில் பார்க்கலாம்.

கல்மண்டபம் எழுதியது:

ஆசிரியரே, அணிக்கோவை மேஹ்யூ வீட்டுத் தாயாருக்குப் பதில் ஆகாது.

ஏட்டுச்சுருள் அவர்களுக்கு: லொரினா பொய் சொல்லியிருக்கலாம் என்பது அழகான விளக்கம், ஆனால் விளக்கம் மட்டுமே. வழக்கமாக நீங்கள் அடுத்து வைக்கும் வாதத்தையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறேன். ஆடையற்ற குழந்தையை மாசின்மையின் உருவமாகப் பார்ப்பது அக்கால மரபு, ஜூலியா மார்கரெட் கேமரன் போன்றோரும் அப்படிப் படமெடுத்தார்கள், வாழ்த்து அட்டைகளிலும் அது இருந்தது என்பீர்கள். இருந்தது; ஒப்புக்கொள்கிறேன். அவர் 24 ஆண்டுகளில் எடுத்த ஏறத்தாழ 3,000 படங்களில் அத்தகையவை மிகச் சிலவே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மரபுக்குள்ளேயே வாழ்ந்த பெற்றோர்தானே தயங்கினார்கள்? 1893-இல், ஊர் பேசுகிறது என்று அஞ்சி எழுதியவர் அவருடைய சொந்தத் தங்கைதானே? தம் மனச்சாட்சியும் பெற்றோரின் முழுச் சம்மதமும் போதும், மற்றவர் பேச்சு ஒரு பொருட்டல்ல என்று அவர் பதில் எழுதினார். காலத்தைக் காட்டி ஒருவருக்காக வாதாடுபவர்கள், அதே காலத்தில் முகம் சுளித்தவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஏட்டுச்சுருள் எழுதியது:

தங்கையின் கடிதம் பெரும்பாலும் என் பக்கச் சான்று. அவர் அஞ்சியது, ஈஸ்ட்போர்னில் இருந்த அவருடைய விடுமுறை இல்லத்துக்கு வந்து தங்கிய இளம்பெண்களைப் பற்றி. இருபது வயது கடந்தவர்களையும் டாட்ஜ்சன் ‘குழந்தைத் தோழி’ என்றே குறித்தார்; அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் கொஞ்சமல்ல.

மேஹ்யூ கடிதங்களுக்கு என்னிடம் விடை இல்லை. எத்தனை முறை படித்தாலும் அவை சங்கடப்படுத்துகின்றன. ‘வென்றுவிட்டது’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆலிஸ் காதல் கதை உடைந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கல்மண்டபம் எழுதியது:

அதற்கு நானும் கையெழுத்திடுவேன். ஆனால் கையெழுத்துப் படியின் கடைசிப் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். கதை முடிகிற இடத்தில் ஆலிஸின் ஏழு வயதுப் படத்தை நீள்வட்டமாக வெட்டி ஒட்டியிருக்கிறார். அந்தப் படத்துக்கு அடியில் அவரே மையால் வரைந்த ஆலிஸின் முகம் மறைந்திருந்ததை 1977-இல் கோஹன் கண்டுபிடித்தார். நீங்கள் அதை எப்படிப் படிப்பீர்கள்?

நேர்கோடு எழுதியது:

ஓவியம் சரியாக வரவில்லை, படத்தை ஒட்டினார். கரும்பலகையில் வட்டம் கோணிப்போனால் நானும் அழிக்கத்தான் செய்கிறேன்.

பதிவறை எழுதியது:

ஒட்டியது அவர் கை. வெட்டியது வேறு கை. இரண்டையும் ஒன்றாகப் படிக்காதீர்கள்.

இன்னொன்று. 1861 தொடங்கி இறக்கும் வரை, தாம் எழுதிய, பெற்ற கடிதங்களுக்கெல்லாம் எண்ணிட்டு அவர் ஒரு பதிவேடு வைத்திருந்தார். அதன் கடைசி எண் 98,721. அந்தப் பதிவேடும் இன்று இல்லை. கடிதங்களைப் பத்திரப்படுத்தியவர்களில் பலர் குழந்தைத் தோழிகள். புகழ்பெற்ற ஒருவர் சிறுவயதில் தமக்கு எழுதிய கடிதத்தை யார் எறிவார்கள்? கணக்கர்களுக்கும் அச்சகத்தாருக்கும் எழுதியவை அந்த அளவுக்குத் தங்கியிருக்க வாய்ப்பில்லை. நாம் பார்க்கும் டாட்ஜ்சன், தங்கிய காகிதங்களின் டாட்ஜ்சன்.

அந்தப் பக்கம் போனபின் வரும் பகுதியையும் வாசித்துப் பாருங்கள். 1863 டிசம்பர் 5-ஆம் தேதிக் குறிப்பில், திருமதி லிடெலும் குழந்தைகளும் வந்திருந்தார்கள் என்றும், அந்தப் பருவம் முழுவதும் இருந்ததைப் போலவே தாம் விலகியே இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். ஆசிரியையோடும் ஐனாவோடும் தம் பெயரை இணைத்து ஊர் பேசினால் ஒருவர் அப்படித்தான் விலகி நிற்பார். ஆலிஸின் பொருட்டு எச்சரிக்கப்பட்டிருந்தாலும் அப்படித்தான் நிற்பார். கத்தரியோடு அந்த நாட்குறிப்பைப் புரட்டியவர் இந்த வரியையும் கடந்துதான் போயிருக்கிறார், அதை வெட்டவில்லை.