எச்எஸ்-சிஆர்பி பார்க்கும் லேப் எது? தருமபுரி, அரூர், பாலக்கோடு நண்பர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு தெரிந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் அபாயம் பார்க்க ரத்தப் பரிசோதனை ஏற்பாடு செய்கிறோம். சிஆர்பி என்பது உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். சாதாரண சிஆர்பி சோதனை போதாது, மிகக் குறைந்த அளவையும் காட்டும் எச்எஸ்-சிஆர்பி வேண்டும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழுள்ள சின்ன வித்தியாசம் சாதாரண சோதனையில் சரியாகத் தெரியாது.

கல்லீரலிலும் தொப்பையிலும் கொழுப்பு கூடும்போது ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருட்கள் ஏறும். அவை இன்சுலினின் வேலையைக் கெடுக்கும், கல்லீரலைச் சிஆர்பி சுரக்கவும் தூண்டும். எச்எஸ்-சிஆர்பி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் குறைவு, 3-க்கு மேல் அதிகம். இவை இதய நோய்க்காக வகுத்த அளவுகள். இதை மட்டும் வைத்துச் சர்க்கரை வருமென்று யாரையும் பயமுறுத்தக் கூடாது. 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் காய்ச்சல், பல் சீழ் மாதிரி வேறு காரணம்தான். ஆறிய பிறகு 2 வாரம் விட்டுத் திரும்ப எடுக்க வேண்டும்.

கூடவே வெறும் வயிற்றுச் சர்க்கரையும், கடந்த 2-3 மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யும் வேண்டும். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை என்றால் சர்க்கரைக்கு முந்தைய நிலை. ஆனால் இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகையில் அது பொய்யாக ஏறிக் காட்டும்; நம் பக்கத்துப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் பார்க்காமல் நம்பாதீர்கள்.

லேப் வைத்திருப்பவர்கள் கட்டணம், மாதிரியை அங்கேயே பார்க்கிறீர்களா, சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்புகிறீர்களா, ரிப்போர்ட் எத்தனை நாளில் வரும் என்று எழுதுங்கள்.