நெல் விற்ற காசு ஐப்பசி வரை நிற்க வேண்டும்: தேவையில்லாத சாமான் வாங்குவதை நிறுத்தியவர்கள் சொல்லுங்கள்

முரசுமோட்டைக்காரி:
வணக்கம். நாங்கள் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் செய்கிற குடும்பம். இவருக்கு வயல், எனக்கு வீட்டில் தையல், இரண்டு பிள்ளைகள். மாரி மழைக்கு விதைக்கிற இந்தக் காலபோக நெல் விற்ற காசு கைக்கு வந்ததும் நாங்கள் இருவரும் ஒரு முடிவு எடுத்தோம். அடுத்த காலபோகம் விதைக்கும் வரை சாப்பாடு, மருந்து, பள்ளிக்கூடச் செலவு, வயல் செலவு, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் தவிர வேறொன்றும் வாங்குவதில்லை.

சேமிப்பு பற்றி நான் வாசித்ததெல்லாம் மாதச் சம்பளக்காரருக்கு எழுதியது. எங்களுக்கு மாசி பங்குனியில் மொத்தமாகக் காசு வரும். அதே நேரம் பார்த்துச் சித்திரை வருடப்பிறப்புக்கு ஏ9 வீதியில் கடைக்குக் கடை மலிவு விற்பனை. கோடையில் செய்கிற சிறுபோகத்தையும் நம்ப முடியாது. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, விவசாயிகள் கூட்டத்தில்தான் யாருக்கு எத்தனை ஏக்கர் என்று பிரிப்பார்கள். கடைசியில் ஐப்பசியில் உழவு, விதைநெல், உரம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்போது வீட்டில் இருப்பது புதுக் கதிரையும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானும்தான். நகை அடகுக்குப் போகும். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்த பிறகு வந்த போகத்தில் விளைச்சல் விழுந்து, எங்கள் பக்கத்தில் அப்போது வைத்த நகையை இன்னும் மீட்காதவர்கள் இருக்கிறார்கள். இந்த ஐப்பசியில் என் காப்பு அடகுக் கடைப் படியேறக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, பேஸ்புக் லைவில் உடுப்பு விற்பவர்கள். இலக்கத்தை எழுதிவிட்டால் போதும், கூரியர் வீட்டு வாசலுக்கு வரும், காசை அப்போது கொடுக்கலாம். மற்றது, வைகாசியில் மச்சாளின் மகளுக்குச் சாமத்தியவீடு. பெண்கள் எல்லோரும் ஒரே நிறச் சீலை என்று வட்ஸ்அப் குழுவில் படம் போட்டிருக்கிறார்கள். சீலை 6,500 ரூபா. இது அவசியமா, அவசியமில்லாததா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு அக்கா:
தங்கச்சி, சீலையையும் அன்பளிப்பையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு மச்சாள் ஆட்கள் கொடுத்ததைக் கொப்பியில் எழுதி வைத்திருப்பீர்கள்தானே. அதைத் திருப்பிக் கொடுப்பது கடமை, அதில் ஒரு ரூபாவும் குறைக்க வேண்டாம். சீலை அப்படியில்லை. குழுவில் எழுதாமல் நேரே மச்சாளின் வீட்டுக்குப் போய், "இந்த நிறத்தில் என்னிடம் ஒன்று இருக்கிறது, அதைக் கட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்கலாம். தையல் தெரிந்தவர் நீங்கள், பிள்ளையின் பிளவுஸை நான் தைத்துத் தருகிறேன் என்று கேளுங்கள். கடைச் சீலையை விட அதை மச்சாள் நினைவில் வைத்திருப்பார்.

லைவ் விற்பனைக்கு ஒரே வழி, அந்தப் பக்கங்களை விட்டு விலகுவது. பார்த்துக்கொண்டே வாங்காமல் இருக்க யாராலும் முடியாது.

மல்லாவி ஐயா:
பிள்ளை, நல்ல முடிவு. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலில் விளக்குச் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். அதைச் சிக்கனம் என்று இப்போது பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது எங்கள் மேல் சுமத்தப்பட்ட இல்லாமை. 2009இல் போர் முடிந்த பிறகு வீதி நெடுக லீசிங் கொம்பனியும் தளபாடக் கடையும் வந்தபோது, வெறுங்கையோடு திரும்பி வந்த சனம் தவணைக்கு வாங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தாய் தன் பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கத்தானே நினைப்பாள்.

அதனால் பிள்ளைகளிடம் "காசில்லை" என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லில் பயம் இருக்கிறது. "ஐப்பசிக்கு உரம் வாங்க வைத்திருக்கிறோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூட்டிப்போனால் கச்சானும் ஐஸ்கிறீமும் வாங்கிக் கொடுங்கள். அதையும் நிறுத்தினால் வீட்டில் ஒருவரும் இந்த முடிவோடு நிற்க மாட்டார்கள்.

ஒட்டுசுட்டான் வயல்காரன்:
அக்கா, நெல் முழுவதையும் விற்றுவிட்டீர்களா? நாங்கள் கடன் கட்டவும் கைச்செலவுக்கும் வேண்டியதை மட்டும் களத்திலேயே விற்போம். மிச்சம் வீட்டில் மூட்டையாக இருக்கும். அறுவடை நேரம்தான் விலை அடிமட்டம், மாரி நெருங்க அனேகமாக ஏறும். அதை விடப் பெரிய நன்மை, கையில் இருக்கிற காசு தெரியாமல் கரையும், மூட்டை அப்படிக் கரையாது. ஒரு போன் வாங்க ஆசை வந்தாலும் மூட்டையை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோய் விற்க வேண்டும். அதற்குள் பாதி ஆசை போய்விடும்.

ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருந்தால் மட்டும் வைக்க வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். நன்றாகக் காயவிட்டு, தரையில் படாமல் பலகைக்கு மேல் அடுக்குங்கள். சுவரோடும் ஒட்ட வேண்டாம்.

இன்னொன்று, 2024 ஜனவரியில் இருந்து வற் வரி 18 வீதம். வரி உள்ள சாமானை வாங்காமல் விட்டால் அந்த வரியும் மிச்சம்.

முரசுமோட்டைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. மச்சாளிடம் ஞாயிற்றுக்கிழமை போகிறேன், பிளவுஸ் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. லைவ் பக்கங்களை இப்போதே விட்டுவிட்டேன். ஐயா, "காசில்லை" என்ற சொல்லை இனி எங்கள் வீட்டில் சொல்ல மாட்டோம், பொங்கலுக்குக் கச்சானும் உண்டு.

வயல்காரன் தம்பி, சாப்பாட்டு நெல்லைத் தவிர ஆறு மூட்டை இன்னும் விற்காமல் இருக்கிறது. எங்கள் வீட்டில் எலித் தொல்லை. பூனை இருந்தும் போதவில்லை. நீங்கள் மூட்டைக்கு என்ன செய்கிறீர்கள்?

ஒட்டுசுட்டான் வயல்காரன்:
மூடியுள்ள தகர பரல் தேடுங்கள், பழையது போதும். எண்ணெய், பூச்சிமருந்து இருந்த பரல் மட்டும் வேண்டாம். இந்த ஒன்றை வாங்கத்தான் வேண்டும் அக்கா, இதை வயல் செலவில் எழுதுங்கள்.