புதுப்பிப்பு: புது டிஸ்க், பேட் போட்டும் நிற்காத ஸ்டியரிங் நடுக்கம் தீர்ந்தது

வண்டியின் முன் பிரேக் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) பேடும் (அதை அழுத்திப் பிடிக்கும் பட்டை) மாற்றிய பிறகும், 80 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ‘டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் ஹப் முகப்பைப் பாருங்கள்’, அதாவது டிஸ்க் பொருந்தி உட்காரும் பரப்பைப் பாருங்கள் என்ற யோசனைதான் பலித்தது.

சக்கர நட்டுகளால் டிஸ்க்கை இறுக்கி டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்தபோது இடது டிஸ்க் 0.12 மி.மீ. ஆட்டம் காட்டியது, 0.05-க்குள் இருப்பதே நல்லது. கழற்றினால் ஹப் முகப்பில், நட்டு மாட்டும் ஸ்டட்களைச் சுற்றிச் செதில் செதிலாகத் துரு. கம்பி பிரஷ்ஷால் பளபளவெனத் தேய்த்து மாட்டியதும் 0.03. நடுக்கம் போயே போச்சு.

எதிர்பாராதது ஒன்று: அதே பக்கக் காலிப்பரின் (பேடுகளை டிஸ்க் மேல் அழுத்தும் பாகம்) கீழ் ஸ்லைடு பின், அதாவது காலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் தண்டு, இறுகிக் கிடந்தது. பழைய உள்பேட் மட்டும் தேய்ந்ததற்குக் காரணம் அதுதான். பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சாதா கிரீஸ் ரப்பர் உறையை உப்ப வைத்துவிடும்.